டிவி கேம் பத்தி எழுதுனீங்க, நம்ம பொட்டிய விட்டுட்டீங்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல பழைய வீடியோ கேம் பொட்டிங்கள பத்தி அரைப்பக்கத்துக்குப் போட்டிருந்தீங்க. படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா முடிச்சதும் ஒரு சந்தேகம், இது நம்மாளு எழுதுனதா இல்ல அமெரிக்காக்காரன் எவனோ எழுதுனதத் தூக்கி தமிழ்ல போட்டுட்டீங்களான்னு. அடாரிங்குற அமெரிக்கக் கேம் கம்பெனி கதை இருக்கு, 1983ல அமெரிக்காவுல கேம் வியாபாரமே படுத்துப்போனது இருக்கு, விக்காத கேசட்ட பாலைவனத்துல பொதச்சு 2014ல மறுபடி தோண்டி எடுத்தது இருக்கு, ஜப்பான் கம்பெனி நிண்டெண்டோ வந்து நிமித்துனது இருக்கு. எல்லாம் உண்மைதான், இல்லன்னு சொல்லல. ஆனா உங்க பத்திரிகை விக்கிறது தாராவியிலயும் மாட்டுங்காவுலயும் செம்பூர்லயும் தானேங்க. இங்க யார் வீட்டுல அடாரி இருந்துச்சு? யார் வீட்டுல நிண்டெண்டோன்னு பேர் போட்ட பொட்டி இருந்துச்சு? எங்க சால்ல, அதாவது வரிசையா ஒத்த ரூம் வீடா இருக்குற எங்க கட்டடத்துல, ஒண்ணு கூட கெடையாது.

எங்க வயசுக்காரங்க தொண்ணூறுகள்ல வெளையாடுனது சாமுராய், மீடியான்னு பேர் போட்ட பொட்டிங்க, அப்புறம் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விக்கிற லேமிங்டன் ரோட்டுல பேரே ஒழுங்கா போடாம அட்டையில மேரியோ படமும் ராம்போ மாதிரி ஒருத்தன் படமும் ஒட்டி வித்த பொட்டி. அதப்பத்தி கட்டுரையில ஒரு வரி இல்ல. அதான் எழுதலாம்னு உக்காந்தேன், நீளமாப் போச்சுன்னா வெட்டிக்கோங்க, ஆனா கீழ வர்ற டேங்க் கேம் விஷயத்த மட்டும் வெட்டிராதீங்க.

மொதல்ல நீங்க போட்டிருந்த போட்டோ. அது நிண்டெண்டோ அமெரிக்காவுல 1985ல விட்ட சாம்பக் கலர் பொட்டி. அதோட மூலம் ஜப்பான்ல 1983 ஜூலையில வந்த ஃபேமிகாம், செவப்பும் வெள்ளையுமா இருக்கும். தைவான், ஹாங்காங் பக்கத்துல காப்பி அடிச்சவன் எல்லாம் அந்த ஜப்பான் பொட்டியப் பாத்துதான் அடிச்சான், நமக்கு வந்தது அந்தக் காப்பி. ரெண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்னு கேப்பீங்க. பின்னுன்னா கேசட்டு அடியில வரிசையா இருக்குற உலோகப் பல்லு. ஜப்பான் கேசட்டுக்கு 60 பின், அமெரிக்கா கேசட்டுக்கு 72 பின். நம்ம பொட்டி 60 பின். எங்க பக்கத்து கோலியில (ரூம்ல) ஒரு பையனுக்கு நியூ ஜெர்சியில இருந்து அவன் மாமா லீவுக்கு வர்றப்ப புத்தம் புது கேசட்டா வாங்கிட்டு வந்தாரு, பளபளன்னு இருக்கு, அட்டையெல்லாம் சூப்பரு, ஆனா பொட்டியில சொருகவே முடியல, அகலமே ஒத்து வரல. அவன் அத லீவு முழுக்க கையிலயே வச்சுட்டு சுத்துனான் பாவம். அதே நேரத்துல மனிஷ் மார்க்கெட் நடைபாதையில அவங்க சித்தப்பா பேரம் பேசி வாங்குன அட்டை இல்லாத மஞ்சக் கலர் கேசட்டு மொத அமுக்குலயே ஓடுச்சு.

இன்னொண்ணு சொல்றேன், இது தெரிஞ்சப்போ எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஜப்பான், அமெரிக்கா டிவியில ஒரு செகண்டுக்கு 60 தடவ படம் மாறும், நம்ம ஊர் டிவி பால் (PAL) சிஸ்டம், 50 தடவதான். ஜப்பான் பொட்டிய அப்படியே கொண்டாந்து மாட்டுனா கலர் வராது, படம் உருளும். அதுனால தைவான்ல யுஎம்சின்னு ஒரு கம்பெனி 50க்கு ஏத்த மாதிரி தனியா சிப்பு போட்டாங்க, பால் டிவி உள்ள ஊருக்கு வந்த பொட்டிங்க நெறயதுல அந்த மாதிரி சிப்புதான். ஆனா கேம் எழுதுனவன் 60ன்னு நெனச்சு எழுதிருக்கான், ஒவ்வொரு படத்துக்கும் மேரியோ இவ்வளவு நகரணும்னு. படம் கம்மியானா மேரியோவும் மெதுவா. அவன் ஊர்ல ஒரு நிமிஷத்துல ஓடுற தூரம் நமக்கு 72 செகண்டு. பாட்டும் அதே கதை, கோஜி கோண்டோ போட்ட அந்த மேரியோ பாட்டு நமக்கு சுருதி கிட்டத்தட்ட அதேதான், தாளம் மட்டும் கொஞ்சம் இழுவையா கேட்டிருக்கு. இப்ப யூடியூப்ல அந்த வீடியோவப் பாத்துட்டு ஏன்டா இவன் இப்படி பறக்குறான், வேகத்த ஏத்திப் போட்டிருக்கானுங்கன்னு கமெண்ட் போடுறவங்க இருக்காங்கல்ல, அவங்களுக்காகத்தான் சொல்றேன், ஏத்தல, நாமதான் மெதுவா வெளையாடிட்டு இருந்தோம்.

இப்ப டேங்க். உங்க கட்டுரையில "உலகமே கொண்டாடுன பத்து கேம்"னு பட்டியல் போட்டீங்க, அதுல பேட்டில் சிட்டி, அதான் நாம டேங்க்னு சொன்ன கேம், இல்ல. எப்படிங்க இல்லாம போகும்? தாராவி 90 ஃபீட் ரோட்டுல எந்தக் கேம் கடைக்குப் போனாலும் மேரியோவுக்கு சமமா ஓடுனது டேங்க் தான். காரணம் நான் சொல்றேன், நாம்கோ கம்பெனி 1985ல அத ஜப்பான்ல விட்டாங்க, அமெரிக்கப் பொட்டிக்கு அப்போ விடவே இல்ல. அமெரிக்காக்காரன் சின்ன வயசுல அத வெளையாடல, அதுனால அவன் பட்டியல்ல இல்ல, அதப் பாத்து எழுதுன உங்க பட்டியல்லயும் இல்ல. சர்க்கஸ் சார்லியும் ரோடு ஃபைட்டரும் அப்படித்தான், அந்தப் பொட்டிக்கு அங்க வரல. சர்க்கஸ்ல சிங்கத்து மேல உக்காந்து நெருப்பு வளையம் தாண்டாத பய எங்க ஏரியாவுல கெடையாது. அடுத்தவன் ஞாபகத்த வச்சு நம்ம ஞாபகத்த எழுதுனா இப்படித்தான் ஓட்டை விழும்.

டேங்க் தெரியாதவங்களுக்கு, கீழ நடுவுல ஒரு கழுகு இருக்கும், சுத்தி செங்கல், மேல இருந்து எதிரி டேங்க் ஒரு ஸ்டேஜுக்கு 20 வரும், கழுகு போச்சுன்னா உனக்கு எத்தன லைஃப் இருந்தாலும் ஆட்டம் காலி. ரெண்டு பேர் சேந்து ஆடலாம், மஞ்ச டேங்க் பெரியவனுக்கு, பச்ச டேங்க் சின்னவனுக்கு, இது எந்த வீட்டுலயும் மாறாத சட்டம். மூணு ஸ்டார் எடுத்துட்டா இரும்புச் செவத்தையே ஒடைக்கலாம், அப்படி எடுத்த அண்ணங்காரன் நம்ம கழுகப் பாத்து சுட்டு வைக்கிறதும் நடக்கும். மண்வெட்டி எடுத்தா கழுகச் சுத்தி கொஞ்ச நேரம் இரும்புச் செவரு. முக்கியமான விஷயம் என்னன்னா கூட ஆடுறவன சுட்டா அவன் சாக மாட்டான், கொஞ்ச நேரம் அப்படியே நகர முடியாம நிப்பான். இத யோசிச்சு வச்சவன் வீட்டுல கண்டிப்பா தம்பி இருந்திருப்பான். எங்க பெரியப்பா மவன் வேணும்னே என்ன சுட்டு நிறுத்திட்டு ஓடிப்போய் ஸ்டார எடுப்பான், எடுத்துட்டு "தெரியாம பட்டுட்டுல"ன்னுவான், நான் வெளையாடுற ரிமோட்டப் போட்டுட்டு அவன் மேல பாய, ஆச்சி வந்து டிவி சுவிட்ச ஆஃப் பண்ண, அதோட அன்னிக்கு முடிஞ்சது. அப்புறம் அதுலயே நாமளே மேப்பு கட்டலாம், கழுகச் சுத்தி முழுக்க இரும்பு வச்சுட்டு ஆடுற கேடித்தனமும் உண்டு. 1985லயே, ஒரு சின்னக் கேசட்டுக்குள்ள. இன்னிக்கு 100 ஜிபி டவுன்லோடு பண்ணி ஆடுற கேம் பலதுல ஒரே டிவி முன்னாடி ரெண்டு பேர் உக்காந்து ஆட வழியில்ல, ஆளுக்கொரு பொட்டி வாங்கு, ஆளுக்கொரு காசு கட்டுங்குறான், இதுக்குப் பேரு முன்னேற்றமாம்.

கேசட்டுன்னதும் ஞாபகம் வருது, 9999999 இன் 1. உள்ள இருக்கிறது என்னவோ அஞ்சாறு கேமு, மீதியெல்லாம் அதே மேரியோ, வேற ஸ்டேஜுல இருந்து ஆரம்பிக்கும், வேற பேர் போட்டிருப்பான். சின்னப் பசங்கள நல்லா ஏமாத்திருக்கானுங்க. சிரிச்சுட்டுப் போயிடலாம், ஆனா அந்தக் காப்பிக் கேசட்டுகள்ல செஞ்ச வேற ஒரு வேலை எனக்குக் கோவம் வர வைக்கும், மொத ஸ்க்ரீன்ல கம்பெனி பேரு, வருஷம் எல்லாத்தையும் அழிச்சிருவானுங்க. அதுனால நாங்க ஆடுனது யார் செஞ்சதுன்னே தெரியாது. அந்த ஃபேமிகாம் பொட்டிய வடிவமைச்சவர் மசயுகி உவேமுரா, 2021 டிசம்பர்ல காலமானாரு, அப்போ செய்தியில பாத்துதான் அந்தப் பேரையே நான் கேள்விப்பட்டேன். ரிமோட்டுல இடது கட்டவிரலுக்கு ஒரு பிளஸ் பட்டன் இருக்குமே, அது குன்பெய் யோகோய் செஞ்சது, 1982ல கையடக்க டாங்கி காங் கேமுக்காக வச்சாரு, இன்னிக்கு வரைக்கும் எல்லா கம்பெனி ரிமோட்டுலயும் ஏதோ ஒரு வடிவத்துல அது இருக்கு. இவங்க யாருக்கும் நம்ம குடுத்த காசுல ஒத்த பைசா போகல. அது திருட்டுதான், வேற பேர் வச்சு மழுப்ப விரும்பல.

ஆனா வேற கதவு எது இருந்துச்சு சொல்லுங்க. சேகா மெகா டிரைவ் 1995ல முறையா இந்தியாவுக்கு வந்துச்சு, ஷா வாலஸ் கம்பெனி மூலமா, ஆமா அப்போ சரக்கு வித்துட்டு இருந்த அதே ஷா வாலஸ் தான். அப்போ இறக்குமதி வரி 80 சதவீதம், பொட்டி வெல 18,000 ரூபா. அந்தக் காசுக்குக் கலர் டிவியே வந்துரும். எங்கப்பா தோல் கிடங்குல வேல பாத்தாரு, அவர்கிட்டப் போய் 18,000க்கு வெளையாட்டு சாமான் வேணும்னு கேட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு நீங்களே நெனச்சுக்கோங்க. முறையா வந்தது எட்டாத ஒசரத்துல நின்னுச்சு, காப்பி வாசல்லயே வந்து நின்னுச்சு. அதுவும் வாங்க முடியாதவன் கடையில மணிக்கணக்குல காசு குடுத்து ஆடுனான், இல்ல மே மாச லீவுல நாள் வாடகைக்கு எடுத்துட்டு வந்து விடிய விடிய ஆடுனான், டிவி ட்யூனர திருகித் திருகி சேனல் புடிக்கிறதுக்கே பாதி நேரம் போயிரும். இதச் சொன்னா திருட்ட நியாயப்படுத்துறன்னு சொல்லுவாங்க, சொல்லட்டும். நடந்தது நடந்ததுதான், அத எழுதாம விட்டா மட்டும் நல்லவனாயிருவோமா.

அந்தப் பொட்டிய தொறந்து பாத்திருக்கீங்களா சார்? அஞ்சு ஸ்க்ரூ கழட்டுனா போதும். வெளிய அவ்வளவு பெருசா இருக்கும், உள்ள முக்கால்வாசி காலி. பழைய பொட்டின்னா ரெண்டு நீளமான சிப்பு, கூட ரெண்டு மூணு குட்டி சிப்பு. பின்னாடி வந்த மலிவு பொட்டின்னா அதுவும் இல்ல, பலகை நடுவுல திருஷ்டிப் பொட்டு மாதிரி கருப்பா ஒரு உருண்ட, மொத்த மெஷினும் அதுக்குள்ள. ஓரமா மூணு காலோட 7805ன்னு ஒரு ரெகுலேட்டர், அடாப்டர்ல இருந்து வர்ற கரண்ட 5 வோல்ட்டா கொறச்சுக் குடுக்கும், மிச்சத்த சூடாத்தான் கழிக்கும், அதுனாலதான் ஒரு மணி நேரம் ஆடுனா பொட்டி மேல கை வைக்க முடியாது. ஆச்சி "மூடி போட்டு வைங்கடா வெடிச்சிரப் போவுது"ம்பாங்க, மூடி போட்டாத்தான் இன்னும் சுடும். பொட்டி செத்துப்போச்சுன்னு சொல்றதுல நெறய இந்த 7805 போனதுதான். லேமிங்டன் ரோட்டுல ஒரு மராத்திக்காரர் இருந்தாரு, கடைன்னு கூட சொல்ல முடியாது, மாடிப்படிக்குக் கீழ ஒரு மேசை, சால்டரிங் அயர்ன், ஒரு டப்பா நெறய 7805. அவர்தான் மொதல்ல சொன்னாரு, கேசட்ட ஊதாதீங்கடான்னு. நாம ஊதுனோம் ஓடுச்சுன்னு நெனச்சோம், ஓடுனது மறுபடி கழட்டி சொருகுனதுனால, ஊதுனதுல எச்சில் ஈரம் பட்டு பின்னுதான் கருத்துச்சு. இப்பவும் கேசட்டு வச்சிருக்கிறவங்க ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கொஞ்சம் பஞ்சுல தொட்டு தொடச்சாலே போதும், மெடிக்கல்ல கெடைக்கும். அடாப்டர் மட்டும் ஜாக்கிரத, பொட்டிக்குப் பொட்டி பிளஸ் மைனஸ் உள்ள வெளிய மாறும், கைல கெடச்சத சொருகிட்டு அப்புறம் அழக்கூடாது.

பிளேஸ்டேஷன் பத்தி நீங்களே நெறய எழுதிட்டீங்க, எனக்கு அதுல சண்ட இல்ல. பிளேஸ்டேஷன் 2 உலகம் முழுக்க 15 கோடிக்கு மேல வித்த பொட்டி, 2000ல வந்து 2013 வரைக்கும் செஞ்சாங்க, அதுக்கு ஞாபகார்த்தம் எழுத ஆள் பஞ்சமே வராது.

ஆனா இப்ப ஆன்லைன்ல விக்கிற குச்சி பத்தி கண்டிப்பா எழுதணும். டிவி பின்னாடி சொருகுனா 10,000 கேமு, ரெண்டு வயர்லெஸ் ரிமோட்டு. என் அக்கா மவளுக்கு ஒண்ணு யாரோ பரிசா குடுத்துட்டாங்க. உள்ள போய்ப் பாத்தா பழைய 9999999 தந்திரமேதான், ஒரே கேமு வேற வேற பேர்ல. அது கூடப் பரவால்ல, பட்டன அமுக்குனா மேரியோ யோசிச்சுட்டு குதிக்கிறான், அதுக்குள்ள குழியில விழுந்துட்டான். குச்சி கொஞ்சம், ரிமோட்டு கொஞ்சம், புது டிவி கொஞ்சம்னு ஆளாளுக்கு லேட் பண்றாங்க. பழைய டப்பா டிவியில அந்தப் பிரச்சினையே கெடையாது. வாத்து சுடுற மாதிரி துப்பாக்கிக் கேமெல்லாம் டப்பா டிவி இருந்தாத்தான் உண்டு, ட்ரிகர அமுக்குனதும் ஒரு கணம் திரை கருப்பாயி வாத்து இருக்குற எடத்துல மட்டும் வெள்ளக் கட்டம் வரும், துப்பாக்கி மூக்குல இருக்குற சென்சாரு அந்த வெளிச்சத்தப் பாக்கும், பாத்தா வாத்து காலி. எல்சிடி டிவியில வெளிச்சம் லேட்டா வருது, வாத்து சிரிச்சுட்டே பறக்குது. அதுனால வாசகர்களுக்கு என் கருத்து, குச்சிக்குக் குடுக்குற காச வச்சுக்கோங்க, பரண்ல பழைய பொட்டி இருந்தா எறக்குங்க, ஏவி வயரு இருந்தா ஒரு சின்ன கன்வர்ட்டர் போட்டு புது டிவியிலயே பாக்கலாம், லேட் இருக்கும் ஆனா குச்சி அளவுக்கு மோசமில்ல.

பரண்ல இருந்தா, அதான் கேள்வியே. சால் இடிச்சு பில்டிங்கு கட்டுறப்ப கோலிய காலி பண்றாங்க, அப்போ மொதல்ல பழைய சாமான் வாங்குற கபாடிக்காரன் கைக்குப் போறது இந்த மாதிரி சாமான் தான். அங்க இருந்து குர்லா, சாக்கிநாக்கா பக்கம் பிரிச்சு மேய்ஞ்சு பிளாஸ்டிக் தனி, செம்பு தனி. தாராவியிலயே அந்த வேலை பாக்குறவங்க நம்ம ஆளுங்க எத்தன பேரு. அவங்கள குத்தம் சொல்லல, கிலோ கணக்குல வாங்குறவனுக்கு சாமுராயும் ஒண்ணுதான் பழைய மிக்ஸி மூடியும் ஒண்ணுதான். அமெரிக்காவுல 2023ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, வீடியோ கேம் வரலாற்ற பாதுகாக்குற ஒரு அமைப்பு செஞ்சது, அங்க விட்ட பழைய கேம்கள்ல 87 சதவீதம் இன்னிக்குக் கடையில காசு குடுத்து வாங்க வழியில்லன்னு. அவங்க ஊர்ல ராச்செஸ்டர்ல இதையெல்லாம் சேத்து வைக்கிற மியூசியம் இருக்கு, பெர்லின்ல 1997லயே மொதல்ல தொறந்தாங்க, அப்படியும் இந்த நிலைமை. நம்ம கிட்ட எத்தன மாடல் வித்துச்சு, யார் எறக்குனா, அட்டையில என்ன போட்டிருந்தான், என்ன வெலைன்னு ஒரு எடத்துல எழுதி வைக்கக்கூட ஆளில்ல. பைக்குலால பாவு தாஜி லாட் மியூசியத்துல பழைய பம்பாய்க்காரங்க தொழிலு, உடுப்பு எல்லாத்துக்கும் மண் பொம்ம செஞ்சு வச்சிருக்காங்க, போய்ப் பாருங்க அருமையா இருக்கும், தொண்ணூறுகள்ல இந்த ஊர்ப் பசங்க எதுல வெளையாடுனாங்கன்னு ஒரு அலமாரி வைக்க எடமா இருக்காது?

மியூசியம் அப்புறம் பாத்துக்கலாம், உங்களால முடியுறது ஒண்ணு இருக்கு. ஞாயிறு இணைப்புல கால் பக்கம் ஒதுக்குங்க, வாசகர்கள்கிட்ட அவங்க வீட்டுல இருக்குற பொட்டி, அட்ட, கேசட்டு ஸ்டிக்கர், கடைக்காரன் குடுத்த பில்லு, எது இருந்தாலும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. கேம் கடை நடத்துனவங்க இன்னும் நம்ம ஊர்லயே இருக்காங்க, 90 ஃபீட் ரோட்டுல நடத்துன ஒரு அண்ணாச்சி இப்ப அதே எடத்துல ரீசார்ஜ் கடை வச்சிருக்காரு, போய் உக்காந்தா கத சொல்லிட்டே இருப்பாரு. உங்க நிருபர் வர்றதா இருந்தா நானே கூட்டிட்டுப் போறேன், டீ அண்ணாச்சி செலவு. என்கிட்ட மீடியா பொட்டி ஒண்ணு அட்டையோட இருக்கு, போட்டோ எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கலாம், பொட்டிய மட்டும் ஆபீசுக்குக் குடுத்து அனுப்புன்னு கேக்காதீங்க.

இப்படிக்கு
உங்க நெடுநாள் வாசகன்
சயான் கோலிவாடா, மும்பை

பின்குறிப்பு: காண்ட்ரா கேம்ல 30 லைஃப் கெடைக்க அமுக்குற பட்டன் கோடு கட்டுரையில தப்பா அச்சாயிருக்கு. மேல மேல, கீழ கீழ, இடது வலது, இடது வலது, பி, ஏ, அப்புறம் ஸ்டார்ட். நீங்க ஏ, பின்னு போட்டிருக்கீங்க. இந்தக் கோட்டக் கண்டுபுடிச்ச கசுஹிசா ஹஷிமோடோ, 1986ல கிராடியஸ் கேம டெஸ்ட் பண்றதுக்கு அவருக்கே ரொம்பக் கஷ்டமா இருந்ததால வச்சாரு, 2020ல காலமாயிட்டாரு. திருத்தம் போட்டுருங்க.